வாசகர் கேள்வி – பதில்: இடைக்கால ஜெர்மானிய நாணயங்கள்

பன்னிரண்டாம் நூற்றாண்டு ஜெர்மனியில் புழங்கிய மெல்லிய வெள்ளித் தகட்டு நாணயங்களைப் பற்றி இரண்டு இதழ்களுக்கு முன் இப்பகுதியில் ஒரு பக்க அளவில் எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். அவற்றுள் பாதிக்கு மேல் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் வாழும் வாசகர்கள் எழுதியவை. ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாக்கி, இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: சோழர் காலச் செப்புக் காசுகளையும் நாயக்கர் காசுகளையும் இருபது ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். மகன் ஸ்டுட்கார்ட்டில் பணிபுரிவதால் ஆண்டுக்கு ஒருமுறை அங்கே போய்வரும் வாய்ப்பு இருக்கிறது. இடைக்கால ஜெர்மானிய நாணயங்களையும் சேர்க்கலாம் என்று எண்ணுகிறேன். எந்த அரசரிலிருந்து தொடங்குவது நல்லது, ஐயா? (வாசகர், திருச்சிராப்பள்ளி)

பதில்: அரசரை விட்டுவிட்டு ஊரைப் பிடியுங்கள். அரசர் வரிசையில் காசுகளைக் கோத்துக்கொண்டு போகும் பழக்கம் சோழர் காசுகளுக்குப் பொருந்தும். பத்தாம் நூற்றாண்டுக்குப் பிந்தைய ஜெர்மானிய நாணயங்களில் அது உங்களைப் பாதி வழியிலேயே கைவிட்டுவிடும். 793, 794 ஆண்டுவாக்கில் சார்லமேன் ஒரு பவுண்டு வெள்ளிக்கு 240 காசு என்று வகுத்தபோது நாணயம் அரசர் கையில்தான் இருந்தது. அந்தக் காசுக்கு லத்தீனில் தெனாரியஸ் என்றும் ஜெர்மன் மொழியில் ஃபெனிக் என்றும் பெயர். பின்னர் வந்த ஒட்டோ மரபு அரசர்கள், சந்தை கூட்டும் உரிமை, சுங்கம் தண்டும் உரிமை ஆகியவற்றோடு காசு அடிக்கும் உரிமையையும் ஆயர்களுக்கும் மடங்களுக்கும் தாராளமாக வழங்கினார்கள். நாளடைவில் பிரபுக்களும் அதைப் பெற்றார்கள். பெறாதவர்களில் சிலர் தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள். 1220இல் ஆயர்களுக்கும் 1232இல் பிரபுக்களுக்கும் அளித்த சாசனங்களில், அவர்களுடைய நாணயத்துக்குக் கேடு வரும்படி அவர்கள் நிலப்பரப்பில் தாம் புதிதாகக் காசு அடிப்பதில்லை என்று பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கே உறுதி அளித்துவிட்டார். ஆகவே ஒரே காலத்தில் ஆயர், மடாதிபதி, கோமகன், நகரம் என்று எத்தனையோ பேர் தத்தம் தங்கசாலையில் காசு அடித்தார்கள். (அங்கே அடிக்கப்பட்டது பெரும்பாலும் வெள்ளியே என்றாலும் சென்னைத் தெருப்பெயரில் நிலைத்துவிட்ட சொல்லை நான் விட மனமில்லை.) காசு அடித்த ஊரில்தான் காசு செல்லும் என்பதே அக்கால நடைமுறை. கொலோன் நகரக் காசையும் மாக்டெபர்க் காசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே நாட்டுப் பணம் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

உங்களுக்கு ஏற்ற ஊர் உங்கள் மகனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரே பகலில் போய்த் திரும்பக்கூடிய ஷ்வேபிஷ் ஹால், உப்பூற்றுகளால் செழித்த ஊர். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே ஒரு சிறு ஃபெனிக் அடிக்கப்பட்டது: ஒருபுறம் விரித்த கை, மறுபுறம் சிலுவை. ஊர்ப்பெயரால் அதை ஹாலர் என்றார்கள். அது திரிந்து ஹெல்லர் ஆயிற்று. அதிலிருந்த வெள்ளி மட்டமானது. அதுவே அதற்குப் பலமாகவும் அமைந்தது. நல்ல காசைப் பெட்டியில் பூட்டிக்கொண்டு மட்டக் காசைச் செலவழிப்பது எல்லா நாட்டு மக்களுக்கும் உள்ள இயல்பு என்பதால், ஹெல்லர் தான் பிறந்த ஊரை விட்டு வெளியேறித் தென் ஜெர்மனி முழுவதும் பரவியது; நாளடைவில் அதன் மதிப்பு அரை ஃபெனிக்காகத் தேய்ந்தது. நாம் ‘சல்லிக்காசு பெறாது’ என்னும் இடத்தில் ஜெர்மானியர் இன்றும் ஹெல்லரைத்தான் இழுப்பார்கள். ஏராளமாக அடிக்கப்பட்டதால் சாதாரண ஹெல்லர்கள் இப்போதும் மலிவாகக் கிடைக்கின்றன. அச்சு பாதி விழாத காசுகளே பெரும்பாலானவை. அதைக் குறையாக எண்ணாமல், எது அச்சுக் கோளாறு, எது தேய்மானம் என்று பிரித்தறியக் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸும் நூறில் ஒரு கிராம் வரை காட்டும் தராசும் போதும். ஓராண்டு இந்த ஒரு வகையோடு மட்டும் நின்றால், பிறகு எந்த ஊர்க் காசை எடுத்தாலும் உங்கள் கை தானாகவே சரியான கேள்வியைக் கேட்கும்.

கேள்வி: நான் உதவியாக இருந்துவந்த ஜெர்மானிய மூதாட்டி ஒருவர், தம் கணவர் சேர்த்த பழைய காசுகள் உள்ள ஒரு தகர டப்பாவை எனக்குப் பரிசாகத் தந்தார். அதில் ஒன்று காசு போலவே இல்லை. அரச இலை போல மெல்லியதாக, முன்புறம் கோபுரங்களுக்கு நடுவே ஒரு மனித உருவத்தோடும், பின்புறம் அதே உருவத்தின் பள்ளத்தோடும் இருக்கிறது. ஓரம் சற்று மடங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் நேராகிவிடும் என்கிறார் என் கணவர். வெள்ளி மினுக்கும் பொடியால் துலக்கலாமா? (வாசகி, டோர்ட்மண்ட்)

பதில்: அம்மா, இதைப் படிக்கும்போதே அந்த டப்பாவை உங்கள் கணவருக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். நீங்கள் விவரிப்பது பிராக்டியேட் என்னும் ஒருபக்க நாணயமாக இருக்கலாம். மெல்லிய உலோகத் தகட்டைக் குறிக்கும் பிராக்டியா என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிற்கால அறிஞர்கள் உண்டாக்கிய பெயர் அது. அதைக் கையில் வாங்கிச் செலவழித்தவர்களுக்கு அது வெறும் ஃபெனிக்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சாக்சனி, துரிங்கியா பகுதிகளில் தோன்றிய இவ்வகைக் காசு ஒரு கிராம்கூட நிறை இராது; ஆனால் நல்ல காலத்துக் காசின் விட்டம் மூன்று முதல் நான்கு சென்டிமீட்டர் வரை போகும். தோல் போன்ற மெத்தென்ற பொருளின் மீது தகட்டை வைத்து மேலே ஒரே ஒரு அச்சை நிறுத்தி அடித்தார்கள். கீழச்சு தேவைப்படாததால் பின்புறம் வெறும் பள்ளமாக நின்றது. அகன்ற பரப்பு கிடைத்ததும் அச்சு வெட்டிய கம்மியர்களுக்குக் கை நீண்டுவிட்டது. கோட்டை வாயில், அரியணை, ஆயரின் அங்கி மடிப்பு, சிங்கத்தின் பிடரி என்று அவர்கள் செதுக்கியிருக்கும் நுணுக்கம், அக்காலத்து ஐரோப்பிய நாணயங்களில் வேறெங்கும் காணாத ஒன்று என்பது என் கருத்து. பிரவுன்ஷ்வைக் நகரில் சிங்கன் ஹென்றி என்று பெயர்பெற்ற கோமகன் வெளியிட்ட சிங்க உருவக் காசுகளை நீங்கள் படத்திலாவது பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் கேள்வி. அடித்த அன்று இந்தத் தகடு விரலுக்கு வளைந்திருக்கும். எண்ணூறு ஆண்டு கழித்து அப்படி இல்லை. வெள்ளியோடு கலந்த செம்பும் ஈயமும் காலப்போக்கில் உலோகத்தின் உள்ளே பிரிந்து படிவதால் பழைய வெள்ளி நொறுங்கும் தன்மை பெறுகிறது. வெளியே பளபளப்பாக இருக்கும் காசுகூட அழுத்தினால் அப்பளம் போல் உடைந்துவிடும். மடிப்பை நிமிர்த்துவது, வெள்ளியைச் சூடாக்கிப் பதப்படுத்தத் தெரிந்த பாதுகாப்பு வல்லுநரின் வேலை. மினுக்கும் பொடி, பற்பசை, புளி எதுவும் வேண்டாம். கறுத்த படலம் காசுக்குக் கேடு செய்வதில்லை, தேய்ப்பதுதான் கேடு. மென்மையான பிவிசி உறையில் வைத்தால் அதிலிருந்து கசியும் பொருள் பச்சைப் பிசுக்காகக் காசின் மேல் படியும் என்பதால், அமிலமற்ற அட்டையால் ஆன சிறு பெட்டியில், காசின் அளவுக்குக் குழிந்த மெத்தையின் மேல் படுக்க வையுங்கள். இன்னொன்றும் செய்யுங்கள். டப்பாவில் துண்டுச் சீட்டு, பழைய உறை, விலைச் சீட்டு ஏதாவது இருந்தால் எறிந்துவிடாதீர்கள். காசு எங்கே, எப்போது, யாரிடம் வாங்கப்பட்டது என்ற குறிப்பை அந்த மூதாட்டி நினைவு தெளிவாக இருக்கும்போதே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். அந்தத் தாள் ஏன் முக்கியம் என்பது அடுத்த பதிலிலும் லைப்சிக் மாணவருக்கான பதிலிலும் விளங்கும்.

கேள்வி: மாக்டெபர்க் பேராயர் விக்மன், ஆண்டுக்கு இருமுறை காசுகளைத் திரும்பப் பெற்று, பன்னிரண்டு பழைய காசுக்கு ஒன்பது புதிய காசு கொடுத்தார் என்று எழுதியிருந்தீர்கள். மக்கள் இதை எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள்? அப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் உருக்கியிருந்தால் இன்று சேகரிப்பவர்களுக்கு எப்படிக் கிடைக்கின்றன? (பொருளியல் மாணவி, சென்னை)

பதில்: இரண்டாவது கேள்விக்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும், முதலாவதோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதற்கு விடை கிடைக்கும். விக்மன் 1152 முதல் 1192 வரை மாக்டெபர்க் பேராயராக இருந்தவர். அவருக்கு முன்பும் நாணயப் புதுப்பிப்பு இருந்தது. சாக்சன் வழக்குகளைத் தொகுத்த பதின்மூன்றாம் நூற்றாண்டின் சட்ட நூல், புதிய தலைவர் பதவிக்கு வரும்போது காசைப் புதுப்பிக்க வேண்டும் என்கிறது. தலைவர் மாறும்போது நடப்பதை ஆண்டுக்கு இருமுறை நடக்கும் வருவாயாக மாற்றியதே விக்மன் காலத்துச் சாமர்த்தியம். பன்னிரண்டுக்கு ஒன்பது என்றால் நான்கில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஆனால் இதை வீட்டிலுள்ள சொத்தெல்லாம் ஆறு மாதத்துக்கொருமுறை கால்வாசி கரைந்ததாக எண்ணிவிடக் கூடாது. கெடு நாளில் யார் கையில் காசாக இருந்ததோ, யாருக்கு அந்த ஊர்ச் சந்தையில் கொடுக்கல் வாங்கல் இருந்ததோ, அவர்தான் இழந்தார். நிலமும் தானியமும் வைத்திருந்தவருக்கு நட்டம் குறைவு. பெருவணிகர்கள் காசையே தொடாமல் வெள்ளிக் கட்டிகளை நிறுத்துக் கொடுத்து வாங்கினார்கள். ஆகவே இது சில்லறை விற்பனையின் மீது விழுந்த வரி; சந்தைக்கு முட்டை கொண்டுவந்தவளும் செருப்புத் தைத்தவனும் கட்டிய வரி. அடிக்கடி மாற்ற வேண்டியிருந்ததால் மலிவாகவும் விரைவாகவும் அடிக்கத்தக்க ஒற்றை அச்சுத் தகடு தங்கசாலைக்கும் வசதியாக இருந்தது. சென்ற முறைக் காசுக்கும் இம்முறைக் காசுக்கும் எழுத்தறியாதவரும் வேறுபாடு காண வேண்டும் என்பதற்காகப் படத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். இன்று அருங்காட்சியகத்தில் நாம் வியக்கும் கலைச் செழிப்புக்குப் பின்னால் இப்படி ஒரு வரிவசூல் கணக்கு இருந்திருக்கிறது.

இனி இரண்டாவது. சட்டப்படி நடந்த காசுகள் எல்லாம் உருகிப்போயின. நமக்குக் கிடைப்பவை நடக்காதவை: கெடுவுக்குள் திரும்பாமல் பானையில் புதைந்தவை, புதைத்தவர் மீண்டு வராததால் தங்கியவை. ஒரு புதையலில் ஒரே அச்சின் காசு பல கிடைப்பதும், வேறெங்கும் அந்த அச்சு தென்படாமலேயே போவதும் இதனால்தான். காசில் ஆண்டு இல்லை, பல நேரங்களில் பெயரும் இல்லை. எந்தப் புதையலில் எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பதை வைத்தே காலத்தைக் கணிக்கிறார்கள். டோர்ட்மண்ட் வாசகியிடம் துண்டுச் சீட்டைக் கேட்டதற்குக் காரணம் இது.

மக்கள் பொறுத்துக்கொண்டே இருந்துவிடவும் இல்லை. நகரங்கள் கையில் பணம் சேர்ந்ததும், ‘இனிப் புதுப்பிக்க மாட்டோம்’ என்ற உறுதியைத் தலைவர்களிடமிருந்து விலை கொடுத்தே வாங்கின. அப்படி அடிக்கப்பட்ட காசுக்கு ‘நித்திய ஃபெனிக்’ என்று பெயர். பெர்லின் உள்ளிட்ட பிராண்டன்பர்க் நகரங்கள் 1369இல் மார்க்கிரேவ் (எல்லைப்புறக் கோமகன்) ஒட்டோவிடமிருந்து காசு அடிக்கும் உரிமையையே வாங்கிக்கொண்டன. அதற்குள் பெரிய வெள்ளிக் காசு வந்துவிட்டது: 1300இல் பிராக் குரோஷன், 1338இல் மைசன் குரோஷன். ஒரு மூட்டைத் தகட்டுக் காசை எண்ணிக்கொண்டிருக்க வணிகருக்கு அதன்பின் காரணம் இருக்கவில்லை.

கேள்வி: காசில் ஆண்டு இல்லை என்கிறீர்கள். எப்போதிலிருந்து போட ஆரம்பித்தார்கள்? ஷில்லிங் என்ற காசு எனக்கு எங்கும் கிடைக்கவில்லையே? (வாசகர், ஹாம்பர்க்)

பதில்: ஜெர்மனியில் கிறிஸ்து ஆண்டு பொறித்த முதல் நாணயமாக ஆகன் நகரின் 1372ஆம் ஆண்டு குரோஷனைச் சொல்வார்கள், அதில் ஆண்டு ரோமன் எண்களில் இருக்கும். நமக்குப் பழக்கமான எண் வடிவத்தில் ஆண்டைக் காண 1424ஆம் ஆண்டு சாங்க்ட் காலன் காசு வரை காத்திருக்க வேண்டும். ஷில்லிங் பன்னிரண்டு ஃபெனிக், பவுண்டு இருபது ஷில்லிங். ஆனால் பல நூற்றாண்டுகள் அவை கணக்குப் புத்தகத்தில் மட்டுமே இருந்த தொகைகள். பழைய ஷில்லிங்கைத் தேடியவர்கள் கிடைக்கவில்லை என்று வருந்த வேண்டாம்.

கேள்வி: பெண்கள் யாராவது தம் பெயரில் காசு வெளியிட்டிருக்கிறார்களா? (வாசகி, சூரிக்)

பதில்: நீங்கள் வாழும் ஊரிலேயே வெளியிட்டிருக்கிறார்கள். சூரிக் அன்று ஜெர்மானியப் பேரரசுக்குள் இருந்த ஊர். லிம்மாட் ஆற்றங்கரையில் நிற்கும் ஃபிராவ்முன்ஸ்டர் அன்று கன்னியர் மடம்; அதன் தலைவிக்குச் சந்தை, சுங்கம், நாணயம் ஆகிய மூன்று உரிமைகளையும் 1045இல் மூன்றாம் ஹென்றி வழங்கினார். அங்கே அடிக்கப்பட்ட சிறு தகட்டுக் காசுகள் நான்கு முனை இழுத்த வடிவில் இருக்கும். வடக்கே குவெட்லின்பர்க் மடத் தலைவிகளின் காசுகள் இவற்றைவிடப் பெரியவை, அழகியவை. கையில் புத்தகத்தோடோ மலர்க் கொம்போடோ தலைவி அமர்ந்திருப்பார். 1138 முதல் 1160 வரை பொறுப்பிலிருந்த இரண்டாம் பெயட்ரிக்ஸ் காலத்துக் காசுகளை ஏலப் பட்டியல்களில் அவ்வப்போது பார்க்கலாம். பார்க்கலாம் என்றுதான் சொன்னேன். விலை கேட்டால் கை சுடும்.

கேள்வி: ஒட்டோ – அடெல்ஹைட் ஃபெனிக்கை மூன்றாம் ஒட்டோவும் அவருடைய பாட்டியும் வெளியிட்டதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். என்னிடம் உள்ள அவ்வகைக் காசை விற்றவரோ அது 1030ஆம் ஆண்டுவாக்கில் அடித்தது என்கிறார். அடெல்ஹைட் 999இலும் ஒட்டோ 1002இலும் இறந்துவிட்டார்களே? யார் சொல்வது பிழை? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கோயம்புத்தூர்)

பதில்: இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம், நான்தான் சுருக்கமாக எழுதிக் குழப்பிவிட்டேன், ஐயா. ஒட்டோவின் தாய் பேரரசி தியோஃபானு 991இல் இறந்தபின், சிறுவனாயிருந்த பேரனுக்காக அடெல்ஹைட் 994 வரை ஆட்சியைக் கவனித்தார். காசில் ஒருபுறம் சிலுவையைச் சுற்றி ஒட்டோவின் பெயரும், மறுபுறம் மரத்தாலான சிறு கோயிலைச் சுற்றி அடெல்ஹைட்டின் பெயரும் இருக்கும். ஒரு காசுக்கு நற்பெயர் ஏற்பட்டுவிட்டால் அதன் முகத்தை மாற்ற வணிகர்கள் விடமாட்டார்கள். எனவே இருவரும் இறந்து ஒரு தலைமுறை கடந்தும் அதே அச்சைப் பார்த்துப் பார்த்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். எழுத்துத் தெரியாத கம்மியர் கையில் அடெல்ஹைட்டின் பெயர் இடம் மாறி, எழுத்து விட்டு, படிக்கவியலாத கோடுகளாகச் சிதைந்தது. வெள்ளி, கோஸ்லார் அருகேயுள்ள ராமல்ஸ்பெர்க் மலையிலிருந்து வந்தது. காசுகள் கிடைப்பதோ பெரும்பாலும் போலந்திலும் ஸ்காண்டிநேவியாவிலும் பால்டிக் கரையிலும்தான். அங்கே அதை எண்ணி வாங்காமல் நிறுத்து வாங்கினார்கள். தரம் பார்க்கக் கத்திமுனையால் குத்திய தழும்புகள் பல காசுகளில் உண்டு. உங்கள் காசிலும் அப்படி ஒரு சிறு தழும்பு இருந்தால் அதைப் பழுதாகக் கருதாதீர்கள். அது கடல் கடந்து போய்வந்ததற்கான அடையாளம். பட்டியல்களில் ‘டானென்பெர்க் 1167’ என்ற எண்ணைக் கண்டால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெர்மன் டானென்பெர்க் தொகுத்த வரிசையில் இவ்வகைக்கு இட்ட எண் அது என்று கொள்ளுங்கள்.

கேள்வி: இணைய ஏலத்தில் ஒரு பிராக்டியேட்டை மிகக் குறைந்த விலைக்கு வாங்கினேன். புதிது போல ஜொலிக்கிறது. ஒரு கீறல்கூட இல்லை. மகிழ்வதா, அஞ்சுவதா? (வாசகர், பாசல்)

பதில்: குறைந்த விலை என்ற முதல் வரியிலேயே எனக்கு அச்சம் வந்துவிட்டது. இருபக்கக் காசைப் போலி செய்ய இரண்டு அச்சுகள் ஒத்துப்போக வேண்டும். தகட்டுக் காசுக்கு ஒன்று போதும், அதையும் ஓர் அசலிலிருந்து பதிவெடுத்துவிடலாம். இந்தத் தொழில் பழையது. தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் பொறுப்பிலிருந்த ஹனோவர் நூலகத்துக்குச் செப்புத் தகடு செதுக்கிக் கொடுத்த நிக்கோலாஸ் ஸேலாண்டர் என்பவர், பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தாமே அச்சு வெட்டி ஏராளமான பிராக்டியேட்டுகளை அடித்துத் தள்ளினார். இடைக்காலக் கம்மியனின் விறைப்பான உருவங்களுக்கு நடுவே அவருடைய காலத்து ஓவியப் பழக்கம் தலைகாட்டிவிடுவதால் பழகிய கண்ணுக்கு அவை புலப்படும். அவருக்குப் பின் வந்த கார்ல் வில்ஹெல்ம் பெக்கர், 1772இல் பிறந்து 1830இல் மறைந்தவர், கிரேக்கக் காசு முதல் இடைக்காலக் காசு வரை எதையும் விடவில்லை. புதுக்காசுகளை இரும்புத் துகளோடு ஒரு பெட்டியிலிட்டு வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு ஊர்ப்பயணம் போவாராம். குலுங்கக் குலுங்க அவற்றுக்கு முதுமை வந்துவிடும். அவருடைய அச்சுகளில் பல இன்று பெர்லின் நாணயக் காட்சியகத்தில் இருக்கின்றன. இவர்கள் இருவர் செய்த போலிகளுக்கே இப்போது தனியாகச் சேகரிப்பாளர்கள் உண்டு என்பது வேடிக்கை.

உங்கள் காசை முதலில் நிறுங்கள். அந்த ஊர், அந்தக் கால வழக்கமான நிறையிலிருந்து பெரிதும் விலகினால் ஐயம் வலுக்கும். பிறகு பின்புறத்தைப் பாருங்கள். மெத்தென்ற பரப்பின் மீது அடித்த அசலில், முன்புறக் கூர்மையைவிடப் பின்புறப் பள்ளம் மழுங்கலாக, உருண்டையாக இருக்கும். கடினமான இரண்டு அச்சுகளுக்கு நடுவே நசுக்கிய போலியில் பின்புறமும் முன்புறம் போலவே கூர்மையாக நிற்கும். விளிம்பு கத்திரிக்கோலால் கையில் வெட்டியதாக இருக்க வேண்டும். இறுதியாக, அதே காசின் வேறு பிரதிகள் விற்கப்பட்ட படங்களைத் தேடுங்கள். இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே வெடிப்பும் ஒரே மடிப்பும் இருந்தால், ஒரு தாயின் பிள்ளைகள் அவை. அச்சின் குறை பல காசில் வரலாம். தகட்டில் தற்செயலாக ஏற்பட்ட வெடிப்பு அப்படி வராது. விற்றவர் நாணயமானவர் என்றால் ஐயம் எழுந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்வார். இந்தத் துறையில் மூத்த வணிகர்கள் நம்பகத்துக்குக் காலவரையற்ற உறுதி தருவதுண்டு.

கேள்வி: லைப்சிக் அருகே மாணவர் விடுதியில் தங்கியிருக்கிறேன். உழுத வயல்களில் பழங்காசு கிடைக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உலோகங்காட்டி வாங்கினால் செலவின்றிச் சேகரிக்கலாமா? (மாணவர், சாக்சனி)

பதில்: கூடாது. வயல் உரிமையாளர் சரி என்று தலையாட்டினாலும் போதாது. தொல்பொருள் தேட மாநிலத்தின் தொல்லியல் துறை அனுமதி வேண்டும். ஜெர்மானியக் குடிமைச் சட்டத்தின் 984ஆம் பிரிவு புதையலைக் கண்டவருக்குப் பாதி, நில உரிமையாளருக்குப் பாதி என்று பகிர்ந்தாலும், சாக்சனி உட்பட மாநிலங்களின் சட்டங்கள் அறிவியல் மதிப்புள்ள புதையலை நேரே அரசுக்கு உரியதாக்கிவிட்டன. நெடுநாள் விலகி நின்ற பவேரியாவும் 2023 ஜூலையில் இந்த வழிக்கு வந்துவிட்டது. உங்கள் பக்கத்து மாநிலத்தில், நெப்ரா என்னுமிடத்தில் 1999இல் வெண்கலக் கால வான்தட்டை உலோகங்காட்டியால் தோண்டி எடுத்தவர்கள் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள். தட்டு ஹாலே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாணவர் விசாவில் இருப்பவருக்கு அந்த அனுபவம் வேண்டாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பானையிலிருந்து ஒரு காசை உருவி எடுத்தால், மேலே சென்னை மாணவிக்குச் சொன்ன காலக்கணக்கு அங்கேயே அறுந்துவிடுகிறது. ஆர்வம் உண்மையானது என்றால் தொல்லியல் துறையின் தன்னார்வலராகப் பதிந்துகொள்ளுங்கள். பயிற்சிக்குப் பின் அவர்களே அனுமதியோடு வயலுக்கு அனுப்புவார்கள்.

கேள்வி: ஜெர்மானிய ஏலப் பட்டியலில் ‘ஷோன்’, அதாவது அழகானது, என்று போட்டிருந்ததை நம்பி ஒரு காசை எடுத்தேன். வந்தது வழவழவென்று தேய்ந்த காசு. இது ஏமாற்று அல்லவா? திருப்பி அனுப்பலாமா? (வாசகர், மதுரை)

பதில்: ஏமாற்று அன்று, அவர்கள் ஊர்ப் பணிவுவழக்கு. ‘ஷோன்’ என்றால் நன்றாகத் தேய்ந்தது. ‘ஸேர் ஷோன்’, அதாவது மிக அழகானது, என்றால் நடுத்தரம். ‘ஃபோர்ட்ஸூக்லிஷ்’ என்றால்தான் உண்மையில் நல்ல நிலை. இவற்றைவிட, சொல்லுக்குப் பின்னால் சிறிய எழுத்தில் வருபவற்றைப் பாருங்கள்: ஓரம் கிழிந்தது, துளையிட்டது, துளை அடைத்தது, வளையம் பற்றவைத்த தடம், அச்சு சரியாக விழாதது. நகையாக அணிந்த காசுக்குத் துளையும் பற்றவைப்பும் இருக்கும். அடைத்த துளை வாங்கியபின் தெரிந்தால்தான் வயிறெரியும். ஏலத்தொகையோடு ஏல நிறுவனத்தின் கட்டணமாக ஐந்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ சேரும் என்பதையும், அனுப்புகூலியையும் இங்குள்ள சுங்கத் தீர்வையையும் கூட்டிய பிறகே விலையை எண்ண வேண்டும் என்பதையும் அடுத்த முறைக்குக் குறித்துக்கொள்ளுங்கள்.

திருப்பி அனுப்புவதில் சிக்கல் உண்டு. இந்தியத் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1972, நூறாண்டு கடந்த எந்த நாணயத்தையும் தொல்பொருள் என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்வதற்குத் தடை இருக்கிறது. நேற்று வந்த காசு என்று சொல்லி அஞ்சலில் போட்டுவிட முடியாது. வந்ததற்கான சுங்க ஆவணத்தையும் ஏலப் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்திக்கொண்டு, தொல்லியல் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். ஜெர்மனியிலிருந்து புறப்படும்போதும் 2016ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஏற்றுமதி உரிமம் தேவைப்படும் காசுகள் உண்டு. அதை வாங்கித் தரும் பொறுப்பை ஏல நிறுவனம் ஏற்கிறதா என்று விலை கூறும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: சேகரிக்க வசதியில்லை, பார்க்க ஆசை. அடுத்த கோடையில் ஜெர்மனி வருகிறேன். எங்கே போகலாம்? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: பெர்லினில் போடே என்னும் அருங்காட்சியகத்துக்குள் இருக்கும் நாணயக் காட்சியகம் முதலாவது, தங்களிடமுள்ள காசுகளின் படங்களை இணையத்திலும் வைத்திருப்பதால் யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே வேண்டியவற்றைக் குறித்துக்கொண்டு போகலாம். ஒரு நாள் மிஞ்சினால் எர்ஃபுர்ட் செல்லுங்கள். 1998இல் அந்த ஊரில் அகழாய்வில் வெளிப்பட்ட ஒரு புதையல், பழைய யூதத் தொழுகைக் கூடத்தின் கீழறையில் காட்சிக்கு இருக்கிறது: 3,141 வெள்ளிக் காசுகள், 14 வெள்ளிக் கட்டிகள், நகைகள். 1349ஆம் ஆண்டு யூதர் படுகொலையின்போது மறைத்து வைத்தவர் திரும்பவில்லை. ஜெர்மனியின் நடுவே கிடைத்த அந்தக் காசுகள் ஏறக்குறைய எல்லாமே பிரெஞ்சு அரசர்கள் வெளியிட்ட பெரிய வெள்ளிக் காசுகள். உள்ளூர்த் தகட்டுக் காசைச் செல்வமாகச் சேர்த்து வைக்க அந்த வணிகர் விரும்பவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் காசுகளையும் கட்டிகளையும் ஒன்றாகப் பார்க்கும்போது, சென்னை மாணவியின் கேள்விக்கு நான் பத்தி பத்தியாகச் சொன்ன விடை உங்கள் கண்முன் இருக்கும். நகைகளில் ‘நல்வாழ்த்து’ என்ற பொருளுடைய எபிரேயச் சொற்கள் பொறித்த ஒரு திருமண மோதிரமும் இருக்கிறது. அதன் தலைப்பில் ஒரு குட்டிக் கோபுரம். காசு பார்க்கப் போனவர்கள் பெரும்பாலும் அதன் முன்தான் நெடுநேரம் நிற்கிறார்கள்.